அழைப்புகளில் இரைச்சல் நீக்க இலவசத் திறந்த மூல மென்பொருள்: எது இருக்கிறது, எது இன்னும் வேண்டும்

கேட்டவர் சொன்ன நிலவரம் இதுதான். பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடு. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் வேலை. காலையில் தொடங்கும் தறி இரவு வரை ஓடுகிறது. கையில் இருப்பது 4 ஜிபி ராம் கொண்ட பழைய லேப்டாப். மாதச் சந்தா கட்டி மென்பொருள் வாங்கக் கட்டுப்படியாகாது. "இலவசமாக, திறந்த மூலமாக ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றால் ஏன் இல்லை?" என்பது கேள்வி. போனுக்கும் வழி உண்டா என்றும் கேட்டிருந்தார்.

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கிற அந்த மூளைப் பகுதி 2017-லிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கிடக்கிறது. விண்டோஸ் கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் சாதாரண ஆள் ஒருவர் அதை அலுங்காமல் பொருத்திக்கொள்ளும் வசதிதான் இன்னும் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, வீட்டுக்குத்தான் குழாய் இழுக்கவில்லை. "புதிதாக ஒரு இரைச்சல் நீக்கி எழுதுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: எழுதியாகிவிட்டது, இனி கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்குத்தான் ஆள் வேண்டும்.

மென்பொருளுக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அட்டையில் "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று போட்டு விற்கும் ஹெட்போன்களில் பலவும் உங்கள் காதுக்கு வரும் சத்தத்தை அடக்குபவை. வெளிச்சத்தத்தை ஒரு மைக்கில் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையைக் காதருகே விட்டு அமுக்குவார்கள். அதைப் போட்டுக்கொண்டால் தறி ஓடுவது உங்களுக்குக் குறைவாகக் கேட்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு அது அப்படியே போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது, உங்கள் மைக்கிலிருந்து வெளியே போகும் ஒலியில் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குவது. இரண்டும் வேறு வேறு வேலை. பணத்தைக் கொட்டி முதலாவதை வாங்கிவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது மைக் இருக்கும் இடம். எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் கூடும். லேப்டாப் மைக் உங்களிடமிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. கம்பி நீட்டிய ஹெட்செட்டில் மைக் உதட்டோரம் 5 சென்டிமீட்டரில் நிற்கும். தூரம் பத்தில் ஒரு பங்கு. லாபம் ஏறக்குறைய 20 டெசிபல். தறிச் சத்தம் அறை முழுக்க நிறைந்திருப்பதால் இரண்டு மைக்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் விழும், கூடுவது உங்கள் குரல் மட்டும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டின் ஓரமாகத் தள்ளி வையுங்கள், மூச்சுக் காற்று மோதாது. ப்ளூடூத் வேண்டாம், வயர் போதும். பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகளில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலியின் மாதிரி வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பேச்சின் மேல்பகுதி வெட்டுப்பட்ட பிறகு மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள அவ்வளவாக எதுவும் மிஞ்சாது.

சரி, இனி மென்பொருள். உங்கள் பிரச்சினைக்கு மின்விசிறி இரைச்சலைவிட அதிகக் கெட்டிக்காரத்தனம் ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்தால் எதை நிறுவுவது, எதை விடுவது என்பது தானாகத் தெளிவாகும்.

மின்விசிறி, ஏசி, தூரத்து ஜெனரேட்டர் போன்றவை ஒரே சீராக ஒலிப்பவை. இவற்றுக்கான வழி 1979-லேயே வந்துவிட்டது. பேச்சு நிற்கும் இடைவெளியில் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, பேசும்போது அந்த அளவைக் கழித்துவிடுவது. ஸ்டீவன் போல் எழுதிய கட்டுரையில் வந்த முறை இது. 1984-இல் எப்ரைம், மாலா என்ற இருவர் அந்தக் கணக்கைச் செம்மைப்படுத்தினார்கள். குரலைச் சுருக்கி இணையத்தில் அனுப்பும் ஸ்பீக்ஸ் மென்பொருளோடு வந்த இரைச்சல் நீக்கி இந்த வம்சம்தான். கூகுள் 2010-இல் குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் நிறுவனத்தை வாங்கி, அதன் ஒலிச் சரக்கைச் சேர்த்து 2011-இல் உலாவியிலேயே அழைப்பு நடத்த உதவும் வெப்ஆர்டிசி என்று திறந்துவிட்டது. அதிலிருந்த இரைச்சல் நீக்கியும் இதே வழியில் வந்தது. உலாவியில் நடக்கும் அழைப்புகளில் மின்விசிறிச் சத்தம் அவ்வளவாகக் கேட்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

விசைத்தறி இந்தக் கணக்குக்குள் அடங்காது. நாடாவை ஒரு பக்கத்திலிருந்து அடித்து அனுப்பும்போது ஒரு "டக்". அது மறுபக்கப் பெட்டியில் போய் மோதும்போது இன்னொரு "டக்". ஊடை நூலைத் தள்ளி இறுக்கும்போது மூன்றாவது அடி. ஒரு தறியில் இது நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நடக்கிறது. கூடத்தில் பல தறிகள் ஒன்றோடொன்று தாளம் சேராமல் ஓடுகின்றன. ஒவ்வொரு அடியும் சில மில்லி விநாடிதான் என்றாலும், கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேல் வரை எல்லா இடத்திலும் பரவி நிற்கும். இடைவெளியில் அளந்து வைத்த சராசரி அடுத்த அடி விழும்போது பொய்யாகிவிடும். அதனால் பழைய முறையில் தறியின் அடிநாதமான இரைச்சல் மட்டும் குறையும், "டக் டக்" அப்படியே மிஞ்சும். குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், மிக்ஸி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். திடீரென்று வந்து திடீரென்று போகிற சத்தத்தைச் சராசரி போட்டுப் பிடிக்க முடியாது.

இதை மாற்றியது ஆர்என்நாய்ஸ் என்ற திறந்த மூல இரைச்சல் நீக்கி. திறந்த ஒலி வடிவங்களை உருவாக்கும் ஸிஃப் அமைப்பைச் சேர்ந்த ஜான் மார்க் வாலின், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவில் இருந்தபோது 2017-இல் வெளியிட்டார். இணைய அழைப்புகளில் குரலைச் சுமந்து செல்லும் ஓபஸ் கோடெக்கை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். முன்னே சொன்ன ஸ்பீக்ஸும் இவர் எழுதியதுதான். பழைய முறையின் வரம்பை உள்ளிருந்தே அறிந்தவர் என்பதால் அவர் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: எல்லாவற்றையும், எடுத்துக்காட்டுகளைக் கேட்டுப் பழகி முடிவெடுக்கும் நியூரல் நெட்வொர்க்கின் தலையில் கட்டாமல், கணக்கால் முடிவதைக் கணக்குக்கு விட்டுவிட்டு, அனுபவத்தால் மட்டுமே சொல்லக்கூடிய முடிவை நெட்வொர்க்கிடம் கேட்கிறார்.

அதன் முதல் பதிப்பின் உள்ளே நடப்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். மைக்கிலிருந்து வரும் ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகள். அதை 10 மில்லி விநாடித் துண்டுகளாக, அதாவது 480 மாதிரிகள் வீதம் எடுக்கிறது. ஒவ்வொரு துண்டையும் நம் காது கேட்கும் விதத்தை ஒட்டி 22 பட்டைகளாகப் பிரிக்கிறது. கீழ் அதிர்வெண்ணில் குறுகலான பட்டைகள், மேலே போகப் போக அகலமானவை. "இந்தப் பட்டையில் இப்போது இருப்பதில் எவ்வளவு பேச்சு?" என்று நெட்வொர்க் பட்டைக்கு ஒரு எண் சொல்கிறது. பூச்சியம் என்றால் முழுக்க அமுக்கு, ஒன்று என்றால் அப்படியே விடு. விநாடிக்கு நூறு தடவை, தடவைக்கு 22 எண்கள். முந்தைய துண்டுகளில் என்ன நடந்தது என்ற நினைவும் அதற்கு உண்டு என்பதால், "டக்" விழுந்த மறு கணமே மீண்டும் குரலுக்கு வழிவிட முடிகிறது. உயிரொலிகளின் நடுவே சிக்கிக்கொள்ளும் இரைச்சலைக் குரலின் சுருதியை வைத்து வடிகட்டும் பகுதி தனியாக இருக்கிறது.

இவ்வளவும் செய்யும் நெட்வொர்க்கில் 215 அலகுகள்தான். அதை வெளியிட்ட கட்டுரையில் கொடுத்த கணக்குப்படி ஹாஸ்வெல் எனப்படும் பழைய தலைமுறை இன்டெல் ஐ7 சிப் கொண்ட லேப்டாப்பில் ஒரு கோரின் 1.3 சதவீதமும், ராஸ்பெர்ரி பை 3 என்ற கைக்குள் அடங்கும் மலிவுக் கணினியில் 14 சதவீதமும்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் பழைய லேப்டாப்புக்கு இது சுமையே இல்லை. 2020-இல் என்விடியா தன் இரைச்சல் நீக்கியை வெளியிட்டபோது அதற்கென்று ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றது. அந்தக் கார்டின் விலைக்கு இங்கே ஒரு குடும்பம் பல மாதம் வாழலாம். ஆர்என்நாய்ஸ் எந்தக் கார்டும் கேட்பதில்லை. உரிமம் பிஎஸ்டி, பணம் கட்ட வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், வணிக நிறுவனமும் எடுத்துத் தன் மென்பொருளில் சேர்க்கலாம். வீடியோ பதிவுக்கான ஓபிஎஸ் ஸ்டூடியோ, அழைப்புகளுக்கான மம்பிள், ஜிட்சி மீட் எல்லாம் அப்படித்தான் சேர்த்துக்கொண்டன.

இதற்கு அடுத்த தலைமுறை டீப்ஃபில்டர்நெட். ஜெர்மனியின் எர்லாங்கன்-நூர்ன்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்ட்ரிக் ஷ்ரோட்டரும் கூட இருந்தவர்களும் செய்தது. முதல் கட்டத்தில் ஆர்என்நாய்ஸ் போலவே பட்டை பட்டையாக அமுக்கிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் பேச்சின் கீழ்ப்பகுதியை ஒவ்வொரு அதிர்வெண்ணாகத் தனித்தனியே செதுக்குகிறது. குரலும் தறியடியும் ஒரே கணத்தில் ஒரே பட்டையில் மோதும்போது ஆர்என்நாய்ஸால் இரண்டையும் சேர்த்துக் குறைக்கவோ சேர்த்து விடவோதான் முடியும்; டீப்ஃபில்டர்நெட் அங்கே ஓரளவு பிரித்துவிடும். தறிச் சத்தத்துக்கு என் தேர்வு இதுதான். கணினிக்கு வேலை கொஞ்சம் கூடும், ஆனாலும் இரண்டாம் பதிப்பை ராஸ்பெர்ரி பை 4-லேயே நேரடியாக ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். எம்ஐடி, அப்பாச்சி என இரு உரிமங்களில் எது வேண்டுமோ அதில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கணினியில் எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம். உங்கள் வேலை உலாவியிலேயே நடக்கிறதென்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவது பற்றித் தயங்காமல் யோசியுங்கள். 4 ஜிபி ராமில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சௌகரியமாக ஓடும். பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மின்ட் 22-லிருந்து ஒலியைக் கவனிப்பது பைப்வயர். அதன் மேல் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, உள்ளீடு பக்கத்துக்குப் போய், இரைச்சல் குறைப்புக்கான பிளகினை (செருகிக்கொள்ளும் துணை நிரலை) சேர்த்தால் முடிந்தது. ஆர்என்நாய்ஸ், டீப்ஃபில்டர்நெட், ஸ்பீக்ஸ் மூன்றுமே அதில் உண்டு. மாற்றி மாற்றிப் போட்டு எது உங்கள் குரலைக் கெடுக்காமல் விடுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். பிறகு அழைப்பு மென்பொருளில் மைக்காக ஈஸிஎஃபெக்ட்ஸ் காட்டும் மூலத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் நாய்ஸ்டார்ச் இருக்கிறது. ஒரே சாளரம், மைக்கைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தான். அது ஆர்என்நாய்ஸில் ஓடுவது.

விண்டோஸில் இவ்வளவு எளிதில்லை. ஈக்வலைசர் ஏபிஓ என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவி, அது கேட்கும்போது ஒலிப்பதிவுச் சாதனங்கள் பக்கத்தில் உங்கள் மைக்கை டிக் செய்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். ஆர்என்நாய்ஸை விஎஸ்டி என்ற வகைப் பிளகினாகச் செய்து ஒரு தன்னார்வலர் வெளியிட்டிருக்கிறார். அதைப் பதிவிறக்கி ஏபிஓவின் அமைப்புத் திரையில் சேர்க்க வேண்டும். மைக்கின் மாதிரி வேகம் 48,000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளகின் சரியாக வேலை செய்யாது. பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: எல்லாம் சரியாகச் செய்திருப்பார்கள், விண்டோஸ் மைக்கை 44,100-இல் வைத்திருக்கும். ஒலி அமைப்புகளில் மைக்கின் பண்புகளைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் மாற்றிவிடுங்கள்.

லினக்ஸில் ஒரு பொத்தான், விண்டோஸில் இத்தனை சுற்று. காரணம் கணக்கில் இல்லை, வாசலில் இருக்கிறது. சுத்தப்படுத்திய குரலை மற்ற மென்பொருள்களுக்குக் கொடுக்க, இல்லாத ஒரு மைக்கை இருப்பதாகக் கணினிக்குக் காட்ட வேண்டும். பைப்வயரில் அதைச் சாதாரண மென்பொருளே செய்துகொள்ளும். விண்டோஸில் அதற்கு வழக்கமான வழி ஒரு டிரைவர், அதாவது சாதனத்தைக் கணினியோடு இணைக்கும் நிரல், எழுதுவது. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து கெர்னல் எனப்படும் உள்மையத்தில் ஓடும் புதிய டிரைவர் எதுவானாலும் மைக்ரோசாஃப்ட்டிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். அங்கே கணக்குத் திறக்கவே ஈவி எனப்படும் உயர்நிலைச் சான்றிதழ் தேவை. அதைத் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் பணமும் கட்ட வேண்டும். மாலை நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதித் தருகிற தன்னார்வலர் இந்த வாசலில்தான் நின்றுவிடுகிறார். பாதுகாப்புக்காக வந்த விதி அது, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. அதனாலேயே, ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோ பல்கலைக்கழகமோ முன்வந்து, கையொப்பமிட்ட ஒரு திறந்த மூல மெய்நிகர் மைக் டிரைவரைப் பராமரித்தால், அதன் மேல் பத்து மென்பொருள் முளைக்கும். மேக்கில் பிளாக்ஹோல் என்ற திறந்த மூல டிரைவர் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. விண்டோஸுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

லேப்டாப் நிறுவனம் கொடுத்தது என்றால் இதில் எதையும் உங்களால் நிறுவ முடியாமல் போகலாம். அப்போது நேராக ஐடி பிரிவுக்கு எழுதுங்கள். உரிமக் கட்டணம் கிடையாது, மூல நிரல் முழுக்கத் தணிக்கை செய்யத் தக்கது, ஒலி கணினியை விட்டு வெளியே போவதில்லை என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். வாடிக்கையாளரின் ரகசியம் பற்றிக் கவலைப்படும் பிரிவுக்கு இந்த மூன்றும் புரியும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. வெளியே ஒரு இரைச்சல் நீக்கி போட்டால், அழைப்பு மென்பொருளுக்குள் இருக்கும் இரைச்சல் நீக்கியை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகும், சொல்லின் முனைகள் உதிரும். அப்புறம், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பேசாதீர்கள். எதிர்முனைக் குரல் உங்கள் மைக்கிலும் விழும், அதை அழைப்பு மென்பொருளின் எதிரொலி நீக்கி எடுத்தாக வேண்டும். எதிரொலி நீக்கம் முதலில், இரைச்சல் நீக்கம் பிறகு என்பதுதான் முறையான வரிசை. நாம் வெளியே பொருத்துவது அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடும், எதிரொலி நீக்கி குழம்பிப்போகும். ஹெட்செட் போட்டால் இந்தச் சிக்கலே எழாது.

போனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி மற்றொரு செயலியின் மைக்குக்கு நடுவே நுழைய முடியாது. சிம் வழியாகப் பேசும் சாதாரண அழைப்பில் ஒலி போன் தயாரித்தவர் வைத்த சிப்பிலேயே ஓடிவிடும். நீங்கள் நிறுவும் செயலியால் அதைத் தொடவே முடியாது. ஆண்ட்ராய்டு தரும் இரைச்சல் நீக்க வசதியும் தயாரிப்பாளர் எதை வைத்தாரோ அதைக் கூப்பிடுவதுதான். ஆகவே பிளே ஸ்டோரில் "எல்லா அழைப்புக்கும் இரைச்சல் நீக்கம்" என்று யாராவது சொன்னால் நம்பி மைக் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். போனில் இதற்கு உள்ள வழி, அழைப்புச் செயலிக்குள்ளேயே ஆர்என்நாய்ஸ் போன்ற ஒன்றைச் சேர்ப்பது. திறந்த மூல அழைப்புச் செயலிகளிடம் நாம் கோரிக்கை வைக்க வேண்டிய இடம் இது.

"இலவசம் சரி, திறந்த மூலமாகத்தான் இருக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டாயம் வேண்டும் என்பேன். இரைச்சல் நீக்கி உங்கள் மைக்கின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. வங்கி அதிகாரியிடம் சொல்லும் எண், மருத்துவரிடம் சொல்லும் உபாதை, வேலை முடிந்து மைக்கை அணைக்க மறந்தபோது வீட்டில் பேசியது எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. கூகுள் மீட் 2020-இல் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது அந்த வேலை கூகுளின் சர்வரில் நடந்தது. சர்வரில் குரலைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் சர்வர் அதைக் கேட்டாக வேண்டும், நடுவில் யாரும் கேட்க முடியாதபடி முனைக்கு முனை மறையாக்கம் செய்த அழைப்பில் அது முடியவே முடியாது. ரகசியமான அழைப்பும் வேண்டும், இரைச்சலும் போக வேண்டும் என்றால் வேலை உங்கள் கருவியிலேயே நடக்க வேண்டும். கிரிஸ்ப் போன்ற கட்டண மென்பொருள்கள் இரைச்சல் நீக்கத்தைக் கருவியிலேயே செய்வதாகச் சொல்கின்றன, நன்றாகவும் செய்கின்றன. ஆனால் சொல்வதைச் சரிபார்க்க வெளியாருக்கு வழியில்லை, நாளைக்கு இலவச நேரத்தைக் குறைத்தாலும் கேட்க வழியில்லை. திறந்த மூலத்தில் யாராவது ஒருவர் நிரலைப் படித்துச் சொல்ல முடியும், படிக்கவும் படிக்கிறார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்த நெட்வொர்க்குகள் எதைக் கேட்டுப் பழகினவோ அதைத்தான் நன்றாக நீக்கும். முதல் ஆர்என்நாய்ஸைப் பயிற்றுவிக்க வாலின் எடுத்துக்கொண்டது 6 மணி நேரப் பேச்சும் 4 மணி நேர இரைச்சலும். அவற்றைக் கலந்து கலந்து 140 மணி நேரமாக்கினார். மைக்ரோசாஃப்ட் 2020-லிருந்து நடத்திய டிஎன்எஸ் என்ற இரைச்சல் நீக்கப் போட்டிக்காக வெளியிட்ட பெரிய தொகுப்பில் இரைச்சல்கள் ஆடியோசெட், ஃப்ரீசவுண்ட் போன்ற இணைய ஒலித் தொகுப்புகளிலிருந்து வந்தன. இணையத்தில் யார் ஏற்றினார்களோ அவர்கள் ஊர்ச் சத்தம்தான் அவற்றில் அதிகம் இருக்கும். பள்ளிபாளையத்துத் தறியும் குமாரபாளையத்துத் தறியும், ஆடி மாதத்து ஒலிபெருக்கியும், ரயில்வே கேட்டருகே நிற்கும் பஸ்ஸின் ஏர் ஹாரனும் அங்கே எவ்வளவு இருந்துவிடப் போகின்றன? மூடிய மென்பொருளில் இதற்கு நாம் செய்யக்கூடியது புகார் எழுதுவது மட்டும். திறந்த மூலத்தில் பயிற்சி நிரல் நம் கையிலேயே இருக்கிறது. நம் ஊர் இரைச்சலைச் சேர்த்து நாமே மறுபடி பயிற்றுவிக்கலாம். 2024-இல் வந்த ஆர்என்நாய்ஸ் 0.2 பதிப்பு பொதுவில் கிடைக்கும் தரவுகளை மட்டுமே வைத்துப் பயிற்றுவிக்கப்பட்டது என்பதால், அந்த வழி இப்போது இன்னும் சுலபம்.

பேச்சின் பக்கமும் இதே தேவை இருக்கிறது. இரைச்சல் நீக்கி தவறும்போது முதலில் விழுங்குவது மெலிந்த ஒலிகளை, குறிப்பாகச் சொல்லின் கடைசியில் தேய்ந்து போகும் அசைகளை. தமிழில் யார், எப்போது, ஆமா இல்லையா என்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் ஒட்டியிருக்கும். "கட்டியாச்சு", "கட்டியாகணும்" என்ற இரண்டில் வால் போனால் வாடிக்கையாளர் பணம் கட்டினாரா, கட்ட வேண்டுமா என்றே தெரியாது. பயிற்சியில் தமிழ்ப் பேச்சும் போதிய அளவு இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பேச்சுத் தரவுக்குப் பஞ்சமில்லை. கூகுள் வெளியிட்ட தமிழ்ப் பேச்சுத் தொகுப்பு ஓப்பன்எஸ்எல்ஆர் தளத்தில் 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் கிடைக்கிறது. மொசில்லாவின் குரல் சேகரிப்புத் திட்டமான காமன் வாய்ஸிலும் தன்னார்வலர்கள் படித்துத் தந்த தமிழ் நிறைய இருக்கிறது. இல்லாதது இரைச்சல் தரவுதான்.

ஆன்லைனில் கர்நாடக இசை சொல்லித்தருபவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் ஒரு வார்த்தை. விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் தம்பூராவும் சுருதிப் பெட்டியும் எந்த இரைச்சல் நீக்கிக்கும் மின்விசிறி மாதிரிதான் தெரியும். சிஷ்யைக்குச் சுருதியே போகாது. வகுப்பின்போது நீக்கியை முழுக்க அணைத்துவிடுவதுதான் இன்றைக்கு உள்ள தீர்வு. சுருதியை விட்டுவைத்து மற்றதை நீக்கும்படி ஒன்றைப் பயிற்றுவிக்கலாம், அதற்கும் திறந்த நிரல் ஒன்றே வழி.

இன்னும் தீராத ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து அறை டிவி சீரியல், கூடத்தில் பேசும் உறவினர்கள், வாசலில் காய் விற்பவர் குரல். இவையும் பேச்சுதான் என்பதால் ஆர்என்நாய்ஸ், டீப்ஃபில்டர்நெட் இரண்டுமே இவற்றை நீக்காமல் விட்டுவிடும். உங்கள் குரலை முன்கூட்டியே பழக்கி வைத்து, அதை மட்டும் வழிவிடும் முறை ஆராய்ச்சியில் இருக்கிறது. டிஎன்எஸ் போட்டியிலும் 2022-இல் அதற்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். கட்டண மென்பொருள்கள் சிலவற்றில் வந்தும் விட்டது. ஆனால் சாதாரணக் கணினியில் நிறுவிப் பயன்படுத்தும்படியான திறந்த மூலம் இதில் பின்தங்கித்தான் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், கையெழுத்திட்ட விண்டோஸ் டிரைவர், அழைப்புச் செயலிக்குள் சேர்ப்பது, தனிக்குரல் பிரிப்பு என்ற மூன்றில் ஒன்றைக் கையில் எடுங்கள். நான்காவதாக இன்னொரு ஆர்என்நாய்ஸ் எழுத வேண்டாம்.

நிரல் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, கேட்டவருக்கு அதில் நல்ல இடமிருக்கிறது. ஆர்என்நாய்ஸ் வெளியானபோது வாலின் பொதுமக்களிடம் அவரவர் அழைப்புப் பேசும் இடத்தின் இரைச்சலை ஒரு நிமிடம் பதிந்து தரும்படி கேட்டார். நாமும் அப்படிச் சேர்க்கலாம். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தறி ஓடும் சத்தத்தை மட்டும் பத்து நிமிடம் ஒடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதியுங்கள். 48,000 ஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம், அது நுணுக்கங்களை அழித்துவிடும். எல்லா நீக்கிகளும் அணைந்திருக்கட்டும். சன்னல் மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை. பாவு தீர்ந்து பாதித் தறி நிற்கும் நேரத்தில் ஒருமுறை. வீட்டார் பேச்சோ கூடத்தில் வேலை செய்பவர்கள் பேச்சோ உள்ளே விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது, பேச்சை இரைச்சல் என்று நெட்வொர்க் கற்றுக்கொள்ளவும் கூடாது. எந்த மைக், தறியிலிருந்து எத்தனை அடி தூரம், நடுவில் சுவர் உண்டா என்று கூடவே ஒரு வரி எழுதி, பொது உரிமத்தில் ஃப்ரீசவுண்டில் ஏற்றிவிடுங்கள்.